காலண்டரில் ‘கை’ என்று எழுதிய நாட்கள்

நான்கு வருடங்களுக்கு முன்னால் அண்ணனிடம் போனில் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என்னை உறுத்துகிறது. “அளவெல்லாம் சரியாத்தான் எடுத்திருக்காங்கண்ணா.” நான் பிசியோதெரபிஸ்ட். கோயமுத்தூரில் படித்துவிட்டு, இங்கே டெக்சாஸில் பதினோரு வருடமாகத் தோளும் முழங்காலும் பார்க்கிறேன். அண்ணன் என்றால் பெரியப்பா மகன். அமெரிக்க ராணுவத்தில் நான்கு வருடம் இருந்து, அடிபட்ட வலது தோளோடு வெளியே வந்தவர். அந்தத் தோளுக்கு அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை கொடுத்துக்கொண்டிருந்த இழப்பீட்டை உயர்த்திக் கேட்டு மனுப் போட்டிருந்தார். அதற்காக ஒரு பரிசோதனை மையத்தில் எடுத்த அறிக்கையை எனக்கு அனுப்பி, “இது சரியான்னு பாரு அம்மிணி” என்றார். கை முன்பக்கம் 98 டிகிரி உயர்கிறது, பக்கவாட்டில் 95, வலி 80-ல் தொடங்குகிறது என்று அதில் இருந்தது. அதற்கு முந்தின தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது நானே அவர் தோளில் கோனியோமீட்டர், அதாவது மூட்டின் அசைவை டிகிரியில் அளக்கும் கருவி, வைத்துப் பார்த்திருக்கிறேன். ஏறக்குறைய அதே எண்கள்தான். அதனால் அப்படிச் சொன்னேன். “சரி, நீயே சொல்லிட்ட. அப்ப விட்டுர்றேன்” என்றார். நான் சொன்னது பொய் இல்லை. அளவு சரியாகவே இருந்தது. ஆனால் அந்தத் தோளைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை என்பது மூன்று மாதம் கழித்து, ஒரு சாப்பாட்டுத் தட்டின் முன்னால்தான் புரிந்தது.

கை எது, தோள் எது

தமிழ்நாட்டுப் பையனுக்கு அமெரிக்க ராணுவத்தில் என்ன வேலை என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். 2009-ல் மாவ்னி என்று ஒரு திட்டம் வந்தது. கிரீன் கார்டு இல்லாமல் விசாவில் இருப்பவர்களையும், ராணுவத்துக்குத் தேவைப்படும் மொழி தெரிந்திருந்தால் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. அண்ணன் அப்போது எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தார். கல்விக் கடன் ஒருபக்கம், வேலை இல்லாத காலம் மறுபக்கம். சேர்ந்தால் சீக்கிரமே குடியுரிமை. பெரியப்பாவிடம் சொல்லாமலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். (2016-ல் புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.)

அடிபட்டது 2010-ல், ஒரு பயிற்சியின்போது. லாரியின் பின்பக்கமாக இறங்குகிறார். முதுகில் மூட்டை; வலது கை மேலே கம்பியைப் பிடித்திருக்கிறது. கால் வழுக்கியதும் உடம்பும் மூட்டையும் சேர்ந்து அந்த ஒரு கையில் தொங்கின. தோள் கழன்றுவிட்டது. கூட இருந்தவன் கையைத் தாங்கி நிமிர்த்தும்போதே டொக்கென்று உள்ளே போய் உட்கார்ந்ததாம். மறுநாள் காலை மருத்துவப் பிரிவில் ஒரு படிவம் கொடுத்து எங்கே வலி என்று எழுதச் சொன்னார்கள். அண்ணன் எழுதினார்: “ரைட் ஹேண்ட் பெயின்.” 800 மில்லிகிராம் ஐபுப்ரோஃபென், மூன்று நாள் லேசான வேலை. அவ்வளவுதான். நான்கு வருட மருத்துவக் கோப்பில் அந்தத் தோளைப் பற்றி இருந்தது இந்த ஒரே வரி. அதிலும் தோள் இல்லை.

நமக்கு இது உடனே புரியும். தமிழில் கை தோளிலிருந்தே தொடங்கிவிடுகிறது. கோயமுத்தூரில் என்னிடம் வந்த பெரியவர்கள் யாரும் “தோள்மூட்டு வலி” என்று சொன்னதில்லை. “கை வலிக்குது, கையைத் தூக்க முடியல” என்று சொல்லிக்கொண்டே மறு கையால் தோளைத் தொட்டுக் காட்டுவார்கள். அண்ணனும் மனசுக்குள் தமிழில் ‘கை’ என்று நினைத்துத்தான் ஆங்கிலத்தில் ‘ஹேண்ட்’ என்று எழுதியிருக்கிறார். ஆங்கிலத்தில் அது மணிக்கட்டுக்குக் கீழே உள்ளது மட்டும். 2016-ல் முதல் மனுப் போட்டபோது வந்த பதிலில் இதுதான் இருந்தது: பணிக்காலக் கோப்பில் கைவலி பற்றிக் குறிப்பு உண்டு, தோள் காயம் பற்றி எதுவும் இல்லை, எனவே மனு நிராகரிக்கப்படுகிறது.

இந்த மனுக்களில் மூன்று விஷயம் நிரூபணமாக வேண்டும். இப்போது ஒரு குறை இருக்க வேண்டும். பணியில் இருந்தபோது ஏதோ நடந்திருக்க வேண்டும். அதனால்தான் இது என்று தொடர்பு காட்ட வேண்டும். மூன்றில் ஒரு முடிச்சு அவிழ்ந்தாலும் மொத்தமும் போச்சு. அண்ணனுக்கு அவிழ்ந்தது நடு முடிச்சு. அப்போது அவருக்கு உதவியவர் ஒரு முன்னாள் படைவீரர் சங்கத்தின் பிரதிநிதி. வியட்நாம் போரில் இருந்த பெரியவர், காசு வாங்காமல் இந்த வேலையைச் செய்பவர். அவர் கேட்ட முதல் கேள்வி, “அந்தக் கையைப் பிடித்துத் தூக்கினானே, அவன் இப்போது எங்கே இருக்கிறான்?” என்பது. தேடிப் பிடித்தார்கள். அந்த மனிதர் ஒரே ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். லாரி, மூட்டை, மழை பெய்து ஈரமாக இருந்த படி, தோள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது, தான் தூக்கியதும் உள்ளே போனது. அந்தப் பக்கம்தான் நடு முடிச்சைப் போட்டது.

டாக்டர் இல்லாத ஒருவன் சொன்னதை எப்படி ஏற்றுக்கொள்கிறார்கள் என்று அப்போது எனக்கு ஆச்சரியம். பின்னால்தான் ஜான்ட்ரோ என்ற படைவீரரின் வழக்கைப் படித்தேன். அவருக்கும் வலது தோள்தான். 1950-களின் பிற்பகுதியில் அடிப்படைப் பயிற்சியில் கழன்றது என்றார். காட்டுவதற்குக் கோப்பு இல்லை. 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் பக்கத்தில் இருந்த படைவீரர் பதிவேட்டுக் காப்பகத்தில் தீப்பிடித்து ஒன்றரைக் கோடிக்கும் மேலான கோப்புகள் எரிந்துபோயின. 1912-லிருந்து 1960 வரை தரைப்படையை விட்டுப் போனவர்களின் கோப்புகளில் 80 சதவீதம் அதில் போயிற்று, நகலும் கிடையாது. ஜான்ட்ரோவிடம் இருந்தது கூடப் பயிற்சி எடுத்தவரின் வாக்குமூலம். தோள் கழன்றதா இல்லையா என்று சொல்ல மருத்துவப் படிப்பு வேண்டும் என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டார்கள். 2007-ல் ஃபெடரல் சர்க்கியூட் என்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் அது தவறு என்றது. புற்றுநோயைக் கண்டுபிடிக்க டாக்டர் வேண்டும்; கால் உடைந்ததைப் பார்க்கக் கண் போதும். எது எந்த வகை என்று ஒவ்வொரு வழக்கிலும் யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டுமே தவிர, சாதாரண ஆள் சொன்னது என்பதற்காகவே ஒதுக்கக் கூடாது. கழன்ற தோளை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு இந்தத் தீர்ப்பின் நியாயம் சட்டென்று புரியும். அந்தப் பள்ளத்தை யாரும் மறக்க முடியாது.

பக்கவாட்டு, நடு, தோள்மட்டம்

தோளுக்கும் ராணுவப் பணிக்கும் தொடர்பு உண்டு என்று ஏற்றுக்கொண்ட பிறகு, எத்தனை சதவீதம் என்ற கேள்வி வருகிறது. உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் போட்ட ஒரு அட்டவணை இருக்கிறது. கை தூக்குவதற்கு 5201. அதில் மூன்றே படிகள். கை தோள்மட்டம் வரை, அதாவது 90 டிகிரியோடு நின்றுவிட்டால் 20 சதவீதம். உடம்பை ஒட்டித் தொங்கும் நிலைக்கும் தோள்மட்டத்துக்கும் நடுவில், 45-ல் நின்றால் 30. 25 டிகிரிதான் எழும்பும் என்றால் 40. இது பழக்கமான கைக்கு. மற்ற கைக்குக் கீழ் இரண்டு படிகளிலும் பத்துப் பத்து குறைவு. அண்ணனுக்குக் கை 90-ஐத் தாண்டினாலும், அசைக்கும்போது வலி இருந்தால் அந்த மூட்டுக்கான மிகக் குறைந்த படியாவது கொடுக்க வேண்டும் என்ற விதிப்படி 20 கிடைத்திருந்தது.

‘பழக்கமான கை’ என்பதிலேயே எங்கள் வீட்டில் ஒரு கதை உண்டு. அண்ணன் பிறவியில் இடதுகைக்காரர். எழுதும்போதும் சாப்பிடும்போதும் பெரியம்மா அந்தக் கையில் தட்டித் தட்டி வலதுக்கு மாற்றிவிட்டார். பந்து எறிவது மட்டும் இன்றைக்கும் இடதில்தான். படிவத்தில் எந்தக் கை என்று கேட்டபோது நிஜமாகவே குழம்பிப்போனார். இரண்டு கையும் பழகியவர்களுக்கு அடிபட்ட கையையே பழக்கமான கையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதியில் இருக்கிறது. யாரோ ஒருவர் இதை உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது. அதேபோல, ஒரு கை கெட்டதால் மறு கை கூடுதலாகச் சுமந்து அதுவும் கெட்டால், அதற்கும் சட்டத்தில் இடம் உண்டு.

எனக்கு உடன்பாடில்லாத இடமும் இருக்கிறது. கையை முன்னால் தூக்குவதும் பக்கவாட்டில் தூக்குவதும் வேறு வேறு வேலை. ஒன்று அலமாரிக்கு, இன்னொன்று சட்டை போட. இரண்டும் தனித்தனியாகக் கெட்டிருந்தாலும் ஒரு தோளுக்கு 5201-ல் ஒரே ஒரு சதவீதம்தான் என்று 2013-ல் யோனெக் வழக்கில் முடிவாகிவிட்டது. கை என்பது ஒன்றுதான், எந்தப் பக்கம் தூக்கினாலும் என்ற வாதம். என் தொழில் கண்ணுக்கு அது நியாயமாகப் படவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2021-ல் வலி கூடிப்போய், உயர்த்திக் கேட்டு மனுப் போட்டார். பரிசோதனையில் 98, 95. கடைசியில் ஒரு கேள்வி: “ஃபிளேர்-அப் உண்டா?” அண்ணன் “இல்லை” என்றார். அப்படியே எழுதிக்கொண்டார்கள். 20 சதவீதம் தொடரும் என்று கடிதம் வந்தது.

பொங்கலன்று

2022 பொங்கலுக்கு அவர்கள் வீட்டில் நான்கு நாள் தங்கினேன். வந்த அன்று அண்ணன்தான் ஏர்போர்ட்டிலிருந்து காரில் அழைத்துவந்தார். பெட்டியை இடது கையில் தூக்கினார், நன்றாகத்தான் இருந்தார். பொங்கலன்று காலையில் எழுந்து வந்தவரைப் பார்த்தபோதே ஏதோ வித்தியாசம். தலை சீவவில்லை. முன்தினம் போட்டிருந்த அதே சட்டை. வலது முழங்கையை வயிற்றோடு ஒட்டிவைத்து, இடது கையால் தாங்கிக்கொண்டு நடந்தார். “ஒண்ணுமில்ல அம்மிணி, ராத்திரி சரியாத் தூக்கமில்ல” என்றார்.

பண்டிகை நாள் என்பதால் வாழையிலை வாங்கி வைத்திருந்தார் அண்ணி. அண்ணனுக்கு மட்டும் தட்டு. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் சாதத்தைப் பிசைந்தார், விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சாம்பார் சாதம் உருண்டையாக வந்தது. அப்புறம் கை எழவில்லை. முழங்கை மேசை விளிம்பில் ஊன்றியபடியே இருக்க, அவர் தலையைக் குனிந்து, முகத்தைத் தட்டுப் பக்கம் கொண்டுபோய் அந்தக் கவளத்தை வாயில் வாங்கினார். மறுபடி நிமிர்ந்தார், மென்றார், மறுபடி குனிந்தார். கை வாய்க்கு வரவில்லை. வாய் கைக்குப் போனது. பொங்கல் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய் ஸ்பூன் எடுத்து இடது கையில் பிடித்துக்கொண்டார். அண்ணியோ அவர்கள் மகளோ தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு அது பழகிப்போன காட்சி.

சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முழங்கை மடங்கினால் மட்டும் போதாது, தோளும் கொஞ்சம் முன்னால் எழும்ப வேண்டும். சுமார் நாற்பது, ஐம்பது டிகிரி. அது இல்லை என்றால் அன்றைக்கு அந்தத் தோள் 45-ஐக்கூடத் தொடவில்லை என்று அர்த்தம். நானே அளந்து, நானே சரி என்று சொன்ன 98 எங்கே, இது எங்கே? தோள் மூட்டுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்துச் சம்பாதிக்கிற நான், அண்ணனை இத்தனை வருடத்தில் நல்ல நாளில் மட்டுமே பார்த்திருக்கிறேன். கெட்ட நாட்களில் அவர் யார் வீட்டுக்கும் வருவதில்லை.

மத்தியானம் அண்ணியிடம் கேட்டேன், இது எப்பொழுதெல்லாம் வரும் என்று. அவர் யோசிக்கவே இல்லை. “காலண்டர்ல இருக்குமே” என்றார்.

ஃப்ரிட்ஜ் பக்கச் சுவரில் மளிகைக்கடையில் கொடுத்த தமிழ்க் காலண்டர். கட்டங்களில் பிரதோஷம், மகளின் பரதநாட்டிய வகுப்புக்குப் பணம் கொடுத்தது, காருக்கு ஆயில் மாற்றியது. நடுநடுவே சின்ன எழுத்தில் ‘கை’. வேறு விளக்கம் இல்லை. பத்து நாளைக்கு ஒன்று, அப்புறம் தொடர்ந்து இரண்டு, மூன்று. அண்ணி வேலைக்குப் போகிறவர். அவர் இதை எழுதியது சமையலுக்காக. ‘கை’ நாளில் சப்பாத்தி செய்தால் அண்ணனால் பிய்க்க முடியாது. கிச்சடியோ தயிர்சாதமோ செய்துவிட்டால் ஸ்பூனில் சாப்பிடுவார். எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்று தெரிந்தால் மாவு அரைப்பதைத் திட்டமிடலாம் என்று எழுத ஆரம்பித்ததாம். “பழைய காலண்டர் இருக்கா அண்ணி?” என்று கேட்டேன். முருகன் படம் போட்டது, லட்சுமி படம் போட்டது என்று நான்கு வருடக் காலண்டர்களைச் சாமி அலமாரிக்குக் கீழிருந்து எடுத்தார். சாமி படத்தை எப்படிக் குப்பையில் போடுவது? அதனால் வைத்திருந்தார். அன்று ராத்திரி தரையில் பரப்பி வைத்து எண்ணினேன். 2021-ல் மட்டும் 71 நாட்கள்.

“ஃபிளேர்-அப் உண்டான்னு கேட்டதுக்கு ஏன் இல்லன்னு சொன்னீங்க?” என்று அண்ணனிடம் கேட்டேன். “ஃபிளேர்-அப்னா திடீர்னு வீங்கறது, சிவக்கறதுன்னு நெனச்சேன். இது அப்படி இல்லியே. இது சும்மா கெட்ட நாள்” என்றார். அவர்கள் கேட்டதே அந்தக் கெட்ட நாட்களைப் பற்றித்தான். 2010-ல் ‘ஹேண்ட்’ என்று எழுதியது போலவேதான் இதுவும். கேட்டவர் ஒரு வார்த்தையைக் கேட்டார், இவர் வேறொரு வார்த்தைக்குப் பதில் சொன்னார். இரண்டு பேரும் உண்மையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

அளவுகோலுக்கு அப்பால்

ஊருக்குத் திரும்பியதும் சட்டத்தைப் படிக்க ஆரம்பித்தேன். நான் நினைத்தது, சட்டம் எண்ணை மட்டும் பார்க்கும் என்று. பார்த்தால் என்னைவிடச் சட்டம் நன்றாக யோசித்திருந்தது. 1995-ல் டெலூக்கா என்ற வழக்கு. அதுவும் இதே 5201, இதே கை தூக்கும் கணக்கு. பரிசோதனை மேசையில் ஒரு தடவை தூக்கிக் காட்டிய அளவு போதாது என்றது நீதிமன்றம். வலி கூடும் நாட்களில், திரும்பத் திரும்ப வேலை செய்த பிறகு, அந்தக் கை இன்னும் எத்தனை டிகிரி இழக்கிறது என்பதையும் முடிந்தவரை எண்ணாகச் சொல்ல வேண்டும். வலி இருக்கிறது என்று மட்டும் சொன்னால் சதவீதம் கூடாது. அந்த வலி எந்தச் செயலைத் தடுக்கிறது என்று காட்ட வேண்டும் என்று 2011-ல் மிட்செல் வழக்கு சொன்னது. அது எனக்கு நியாயமாகவே தெரிகிறது. 2016-ல் கொரியா என்பவரின் வழக்கு வந்து, தானாகத் தூக்கும்போது எவ்வளவு, மற்றவர் தூக்கிவிட்டால் எவ்வளவு, அடிபடாத மறுபக்க மூட்டு எவ்வளவு என்றெல்லாம் அளக்கச் சொன்னது. இவ்வளவுக்கும், 1988-க்கு முன்னால் இந்த மனுக்களின் முடிவை எதிர்த்து நீதிமன்றத்துக்கே போக முடியாது. வக்கீல் வைத்தால் அவருக்குப் பத்து டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று 1864-ல் போட்ட வரம்பும் அதுவரைக்கும் இருந்தது. டெலூக்கா மாதிரி ஒரு தீர்ப்பு வருவதற்கே முதலில் ஒரு நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

புதிய சான்று இருந்தால் ஒரு வருடத்துக்குள் துணை மனுப் போடலாம். அண்ணி சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். அவர் வலி என்ற சொல்லையே பயன்படுத்தவில்லை. அந்த நாளில் அண்ணன் சட்டை மாற்றுவதில்லை, தலை சீவுவதில்லை, கார் எடுப்பதில்லை, சாப்பிடும்போது தலை தட்டுக்குக் குனிகிறது, ராத்திரி சோபாவில் உட்கார்ந்தபடி தூங்குகிறார். கண்ணால் பார்த்தது மட்டும். காலண்டரை நான் மொழிபெயர்த்தால் உறவு என்று சந்தேகப்படலாம் என்று, எங்கள் தமிழ்ச் சங்கத்தில் ஒருவரிடம் கொடுத்தோம். அவர் திருப்பிக் கேட்ட ஒரே கேள்வி: “கைன்னா எப்படிப் போடறது? ஹேண்டா, ஆர்மா?” அண்ணி தன் தோளைத் தொட்டுக் காட்டினார். ‘ஆர்ம்’ என்று போட்டார். தமிழில் இந்தச் சொல் தோள் வரைக்கும் குறிக்கும் என்று கீழே ஒரு குறிப்பும் எழுதினார்.

இரண்டாவது பரிசோதனைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணனுக்கு அது நல்ல நாளாகிப் போனது. கெட்ட நாள் சொல்லிக்கொண்டு வருமா? அந்த மருத்துவர் அண்ணியின் கடிதத்தையும் காலண்டரையும் படித்ததாக எழுதினார். ஆனால் “அந்த நாளில் நான் நேரில் பார்க்கவில்லை, ஆகவே ஊகிக்காமல் எதுவும் சொல்ல முடியாது” என்று முடித்துவிட்டார். 20 சதவீதம் தொடர்ந்தது. இந்த இடத்தில்தான் போர்டு, அதாவது படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போனோம். 2019-லிருந்து அங்கே மூன்று வழி உண்டு: இருக்கும் கோப்பை மட்டும் நீதிபதி பார்ப்பது, புதுச் சான்று சேர்ப்பது, நேரில் பேசுவது. எல்லாமே கோப்பில் இருந்ததால் முதல் வழி போதும் என்றார் சங்கத்துப் பெரியவர்.

இரண்டு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்தக் காலத்தில் ராத்திரி ராத்திரி போர்டின் பழைய தீர்ப்புகளைப் படித்தேன். பெயரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் பொதுவில் போடுகிறார்கள். ஒவ்வொன்றும் அந்த ஒரு வழக்குக்கு மட்டும்தான் செல்லும் என்றாலும், தோள் வழக்குகளாகத் தேடிப் படித்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. மெக்கானிக், தபால்காரர், சிறை வார்டன், யாராக இருந்தாலும் பரிசோதனையில் முதலில் சொல்லும் பதில் பரவாயில்லை என்பதுதான். படிவம் முழுக்கப் பரவாயில்லை. எங்கோ பதினைந்தாவது பக்கத்தில் மனைவியோ, மகனோ, கூட வேலை செய்தவரோ எழுதிய நாலு வரி இருக்கும். நீதிபதி நின்று படித்திருப்பது அந்த வரிகளில்தான் என்பது தீர்ப்பின் நடையிலேயே தெரியும். சான்றுகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாக இருந்தால் சந்தேகத்தின் பலனைப் படைவீரருக்கே கொடுக்க வேண்டும் என்பது சட்டம். தராசைச் சமத்துக்குக் கொண்டுவருவது பல வழக்குகளில் அந்த நாலு வரி.

2025 தொடக்கத்தில் அண்ணனுக்குத் தீர்ப்பு வந்தது. சதவீதத்தைக் கூட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை, ரிமாண்ட். திரும்பவும் கீழே அனுப்பிவிட்டார்கள். அண்ணன் சோர்ந்து போனார். எனக்கு மட்டும் அந்த மூன்று பக்கங்களைப் படித்தபோது நெஞ்சு லேசானது. 2017-ன் ஷார்ப் வழக்கை மேற்கோள் காட்டியிருந்தார் நீதிபதி. கெட்ட நாளில் நேரில் பார்க்கவில்லை என்பது காரணமாகாது. எத்தனை நாளைக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம், என்ன செய்ய முடியவில்லை என்று அவரிடமே கேட்டு, கோப்பில் உள்ளதையும் வைத்து மதிப்பிட வேண்டும். முடியாது என்றால் ஏன் என்று விளக்க வேண்டும். மனைவி தேதி வாரியாகக் குறித்து வைத்ததை மருத்துவர் பயன்படுத்தவில்லை என்றும் எழுதியிருந்தார். மளிகைக்கடைக் காலண்டரைப் பற்றி வாஷிங்டனில் ஒரு நீதிபதி எழுதிய வாக்கியம் அது.

மூன்றாவது மருத்துவர் முதலில் கோனியோமீட்டரை எடுக்கவில்லையாம். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “ஃபிளேர்-அப்” என்ற சொல்லே இல்லாமல், “உங்களுக்கு ரொம்ப மோசமான நாளில் காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் என்னவெல்லாம் நடக்கும், சொல்லுங்கள்” என்று கேட்டார். பரவாயில்லை என்று தொடங்கி, பத்து நிமிடத்தில் தட்டு வரைக்கும் வந்துவிட்டார் அண்ணன். வெளியாளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று எனக்குத் தெரியும். அப்புறம்தான் அளந்தார். அன்றைய அளவு 96. கெட்ட நாட்களுக்கு அவர் மதிப்பிட்டு எழுதியது 40.

30 சதவீதம், 2021-ல் முதலில் கேட்ட தேதியிலிருந்து. 2025 கணக்குக்குத் தனி ஆளுக்கு 20 சதவீதம் என்றால் மாதம் 346.95 டாலர், 30 என்றால் 537.42, முப்பதிலிருந்து மனைவி, குழந்தைக்கும் சேர்த்துக் கொஞ்சம் கூடும். கடிதம் வந்த வாரம் போயிருந்தேன். அண்ணி சான்றுகள் பகுதியைத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது முகத்தைத் தட்டுக்குத் தாழ்த்துகிறார் என்று மனைவி தெரிவிக்கிறார், என்று ஒரு வரி. “நான் சொன்னது அப்படியே இருக்குது பாருங்க” என்று விரலை அந்த வரியின் மேல் வைத்துக் காட்டினார்.

என் கிளினிக்கில் இப்போது அளவு எடுத்து முடித்த பிறகு நோட்டில் இன்னொரு வரிக்கு இடம் விடுகிறேன். மோசமான நாளில் என்ன செய்வதில்லை என்று கேட்டு, அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே எழுதிக்கொள்கிறேன். சிலர் சட்டென்று சொல்வார்கள். சிலருக்கு மூன்றாவது, நான்காவது முறை வரும்போதுதான் வாய் வரும்.

அண்ணி இன்னும் காலண்டரில் எழுதுகிறார். போன மாதம் அவர்கள் சமையலறையில் தண்ணீர் குடிக்கும்போது பார்த்தேன். செப்டம்பரில் இரண்டு கட்டங்களில், அக்டோபரில் நான்கு கட்டங்களில், ‘இடது கை’ என்று இருந்தது.